மூன்று நாளில் பினாங்குத் தீவு: எதை, எப்போது, எந்த வரிசையில் பார்ப்பது

கோலாலம்பூரிலிருந்து வரும் உறவினர்கள் பெரும்பாலும் கைப்பேசியில் இருபது இடங்களின் பட்டியலோடுதான் பினாங்கில் வந்து இறங்குகிறார்கள். பட்டியலில் தவறு ஒன்றும் இருப்பதில்லை. அதில் உள்ளவை எல்லாம் பார்க்கத் தக்க இடங்களே. ஆனால் எந்த இடத்துக்கு எத்தனை மணிக்குப் போக வேண்டும் என்பதை அது சொல்வதில்லை. பள்ளி விடுமுறையின்போது ஒருமுறை என் அத்தை மகன் குடும்பத்தைக் கொடிமலைக்கு (பினாங்கு ஹில்) காலை பதினோரு மணிக்கு அழைத்துச் சென்று, பிள்ளைகள் அழ அழ வரிசையில் நின்ற பிறகுதான் எனக்கே இது உறைத்தது. இங்கேயே பிறந்து வளர்ந்தவன் செய்த அசட்டுத்தனத்துக்கு வேறு யாரையும் குறை சொல்வதற்கில்லை. அன்றிலிருந்து, வருகிறவர்களிடம் நான் முதலில் கேட்பது, காலையில் எத்தனை மணிக்கு எழுவீர்கள் என்பதைத்தான்.

தீவு சிறியது, பரப்பளவு ஏறத்தாழ 293 சதுரக் கிலோமீட்டர்தான். ஆயினும் நடுவில் மலைத்தொடர் படுத்திருப்பதால் சாலைகள் பெரும்பாலும் அதைச் சுற்றியே போகின்றன. ஜார்ஜ்டவுன் நகரம் வடகிழக்கு மூலையிலும், கடற்கரை விடுதிகள் நிறைந்த பத்து பெரிங்கி வடக்குக் கரையிலும், டுரியான் தோட்டங்கள் உள்ள பாலிக் புலாவ் மலைக்கு மேற்கேயும் இருக்கின்றன. வரைபடத்தில் அருகருகே தெரியும் இரண்டு இடங்களுக்கு நடுவே ஒரு மலை நிற்கக்கூடும். ஆகவே ஒரு நாளுக்கு ஒரு திசை என்று வைத்துக்கொண்டு, மலையையும் படிக்கட்டையும் விடியற்காலையிலும், கூரையுள்ள இடங்களை நண்பகலிலும், தெருக்களை வெயில் தாழ்ந்த பிறகும் பார்ப்பதாகத் திட்டமிட வேண்டும். கீழே உள்ள வரிசை முழுவதும் இந்தக் கணக்கில் அமைந்ததே.

வந்து சேர்வது

காரில் வருவோருக்குக் கோலாலம்பூரிலிருந்து ஏறத்தாழ 350 கிலோமீட்டர். தீவுக்கு இரண்டு பாலங்கள் உள்ளன. 1985-இல் திறக்கப்பட்ட 13.5 கிலோமீட்டர் நீளமுள்ள பழைய பாலம் நகரத்துக்கு அருகில் கொண்டுபோய் விடும். 2014-இல் திறக்கப்பட்ட 24 கிலோமீட்டர் நீளமுள்ள இரண்டாவது பாலம் தெற்கே பத்து மாவுங்கில் இறங்குகிறது. ஜார்ஜ்டவுனில் தங்குவோர் பழைய பாலத்தையே பயன்படுத்தலாம். நீண்ட வார இறுதிகளில் அது நெரிசலில் திணறும்போது மட்டும் இரண்டாவது பாலத்தைச் சுற்றிக்கொண்டு வருவது பலன் தரும்.

பிள்ளைகளோடு வருவோருக்கு நான் பரிந்துரைப்பது ரயில்தான். கேஎல் சென்ட்ரலிலிருந்து இடிஎஸ் மின்ரயில் ஏறினால் சுமார் நான்கு மணி நேரத்தில் பட்டர்வொர்த்தில் இறங்கிவிடலாம். அங்கிருந்து பெர்ரித் துறைக்கு நடந்தே போகலாம். 1894-இல் தொடங்கிய இந்தப் பெர்ரிப் போக்குவரத்தில் இப்போது ஓடுபவை 2023-இல் சேவைக்கு வந்த புதிய படகுகள். அவற்றில் கார் ஏற்றுவதில்லை. நடந்து வருவோரும் மோட்டார் சைக்கிளில் வருவோரும் மட்டுமே ஏறலாம். பயணம் பத்துப் பதினைந்து நிமிடத்தில் முடிந்துவிடும் என்றாலும், பிள்ளைகளை உட்கார விடாமல் முன்பக்கம் நிற்க வையுங்கள். நாகப்பட்டினத்தில் கப்பலேறிய நம் முன்னோர் பலருக்கு மலாயா முதலில் தெரிந்த கோலம், கடலோரக் கட்டடங்களும் அவற்றுக்குப் பின்னால் நீலமாக எழும் மலையும் சேர்ந்த இந்தக் காட்சிதான்.

முதல் இரண்டு இரவும் ஜார்ஜ்டவுனில் தங்கி, மூன்றாவது இரவைப் பத்து பெரிங்கியில் கழிப்பது நல்லது. நகரத்தின் பழைய தெருக்களில் கார் நிறுத்த இடம் தேடுவதே ஒரு வேலையாகிவிடும். நிறுத்தக் கட்டணமும் கைப்பேசிச் செயலி வழியாகவே செலுத்தப்படுகிறது. காரை விடுதியில் விட்டுவிட்டு, படகுத்துறைக்கும் கொம்தார் அடுக்குமாடிக் கட்டடத்துக்கும் இடையே ஓடும் ‘கேட்’ என்னும் இலவசப் பேருந்திலும் கால்நடையாகவும் சுற்றுவது எளிது.

மழையைப் பொறுத்தவரை, செப்டம்பர் முதல் நவம்பர் வரை பிற்பகல்களை நம்ப முடியாது. டிசம்பர் முதல் பிப்ரவரி வரை வானம் தெளிவாக இருக்கும், ஆனால் சீனப் புத்தாண்டும் தைப்பூசமும் அந்த நாள்களில் வருவதால் அறை கிடைப்பது அரிதாகும்.

முதல் நாள்: தண்ணீர்மலையும் பழைய நகரமும்

முந்தின நாள் மாலையே வந்துவிட்டதாக வைத்துக்கொள்வோம். முதல் நாள் விடியும்போது தண்ணீர்மலை அடிவாரத்தில் இருங்கள். அருள்மிகு பாலதண்டாயுதபாணி ஆலயத்துக்கு 513 படிகள். 2012-இல் குடமுழுக்கு நடந்த இப்போதைய கோயில் மலைச்சரிவில் உயர்ந்து நிற்கிறது. பத்துமலையின் 272 படிகளை ஏறிப் பழகியவர்கள் இதையும் அப்படியே நினைத்துக்கொண்டு வேகமாகத் தொடங்கி நடுவழியில் அமர்ந்துவிடுவதை அடிக்கடி பார்க்கிறேன். மெதுவாக ஏறினால் அரை மணி நேரம் போதும். ஏழரை மணியளவில் உச்சியில் நின்றால் நகரமும் கடலும் அதற்கு அப்பால் பெருநிலக் கரையும் தெளிவாகத் தெரியும். பத்து மணிக்கு மேல் வெளிச்சம் கூசத் தொடங்குவதோடு, வெறுங்காலுடன் நடக்கும் கோயில் தளமும் சுடும். மூட்டு வலியுள்ள பெரியவர்களை வற்புறுத்தி ஏற்ற வேண்டாம். அதே சாலையில் நகரத்தார் கட்டிய தண்டாயுதபாணி கோயில் தரைமட்டத்திலேயே இருக்கிறது. தேக்கு மரத் தூண்களும் குளிர்ந்த தரையும் கொண்ட அந்த மண்டபத்தில் அவர்கள் அமைதியாக அமர்ந்திருக்கலாம்.

தைப்பூசத்துக்காகவே வருகிறவர்கள் இந்த வரிசையை மறந்துவிட வேண்டும். 1894 முதல் ஓடிவரும் வெள்ளி இரதமும், 2017-இல் சேர்ந்த தங்க இரதமும் நகரத்திலிருந்து தண்ணீர்மலை நோக்கி நாள் முழுவதும் ஊர்ந்து வரும். வழியெங்கும் சீனர்களும் நம்மவர்களும் ஆயிரக்கணக்கில் தேங்காய் உடைப்பார்கள். அந்த நாள்களில் வாகனம் எதுவும் அந்தப் பக்கம் நகராது. நடக்கத் தயாராக இருப்பவர்களுக்கு அதைவிடச் சிறந்த காட்சி இத்தீவில் இல்லை. மற்றவர்கள் வேறு வாரத்தில் வரலாம்.

மலையிலிருந்து இறங்கியதும் அருகிலேயே உள்ள தாவரவியல் பூங்காவுக்குச் செல்லுங்கள். 1884-இல் சார்லஸ் கர்ட்டிஸ் என்பவர் உருவாக்கிய இந்தப் பூங்காவில் நாகலிங்க மரங்கள் இருக்கின்றன. தமிழ்நாட்டுக் கோயில்களில் மட்டுமே அந்தப் பூவைப் பார்த்திருக்கும் பாட்டிமார் இங்கே அதைக் கண்டு மகிழ்வதைக் கண்டிருக்கிறேன். தென்னமெரிக்காவிலிருந்து வந்த மரம் என்று சொன்னால் நம்ப மாட்டார்கள். குரங்குகளுக்கு உணவு கொடுப்பது தடை செய்யப்பட்டிருக்கிறது, அபராதமும் உண்டு. ஞெகிழிப் பையைக் கையில் தொங்கவிட்டுக்கொண்டு நடந்தால் நீங்கள் கொடுக்காமலேயே அவை எடுத்துக்கொள்ளும். கண்ணைச் சுற்றி வெள்ளை வளையமுள்ள இலைக்குரங்கு மரத்தின் மேலே அமைதியாக இருக்கும். அதைப் பார்க்க அண்ணாந்து பொறுமையாக நிற்க வேண்டும்.

நண்பகலில் விடுதிக்குத் திரும்பி உறங்குங்கள். இதை வீண் என்று நினைப்பவர்கள் மாலையில் தளர்ந்துபோகிறார்கள், முதல் நாளின் உண்மையான விருந்தோ மாலையில்தான் இருக்கிறது.

நான்கரை மணிக்கு லெபோ குவீனில் (‘லெபோ’ என்றால் தெரு) உள்ள ஸ்ரீ மகாமாரியம்மன் கோயிலிலிருந்து நடக்கத் தொடங்குங்கள். 1833-இல் எழுந்த இது பினாங்கின் மிகப் பழைய இந்துக் கோயில். ஒரு தெருவுக்கு வாசலும் அடுத்த தெருவுக்கு முதுகுமாக, கடைவீடுகளுக்கு நடுவே செருகி வைத்ததுபோல் இருக்கும் அதன் கோபுரத்தைப் படமெடுக்க எதிர்ப்பக்க ஐந்தடியில் நிற்க வேண்டும். கடைகளின் முன்னால் கூரையோடு தொடர்ந்து போகும் நடைபாதைக்கு ‘அஞ்சடி’ என்று பெரியவர்கள் சொல்வதை இன்னும் கேட்கலாம். திடீர் மழையில் குடை இல்லாதவர்களுக்கு அதுவே துணை.

அங்கிருந்து சில நிமிட நடையில் கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் வரும். தமிழ் முஸ்லிம் சமூகத்தின் தலைவராக இருந்த காதர் மைதீன் 1801-இல் நிறுவிய இந்தப் பள்ளிவாசலுக்குள் தொழுகை நேரம் தவிர்த்து மற்றவர்களும் செல்லலாம். உடலை மறைக்கும் அங்கியை வாசலிலேயே தருவார்கள். வெள்ளிக்கிழமை நண்பகலில் மட்டும் போக வேண்டாம். லெபோ சூலியாவின் மூலையில் உள்ள நாகூர் தர்காவைப் பலர் கவனிக்காமல் கடந்துவிடுகிறார்கள். நாகூரில் அடக்கமான சாகுல் ஹமீது ஆண்டவரின் நினைவாகச் சோழமண்டலக் கரையிலிருந்து வந்த வணிகர்கள் 1800-களின் தொடக்கத்தில் எழுப்பிய சிறு கட்டடம் அது. அந்தத் தெருவின் பெயரில் உள்ள ‘சூலியா’ என்ற சொல்லும் அந்த வணிகர்களைக் குறித்ததே.

பள்ளிவாசல் இருக்கும் அதே சாலையில் வடக்கே நடந்தால், ஊதுவத்திப் புகை சூழ்ந்த குவான் இன் கோயிலைக் கடந்து, 1818-இல் கட்டி முடிக்கப்பட்ட புனித ஜார்ஜ் தேவாலயத்தை அடையலாம். வெள்ளைத் தூண்களோடு நிற்கும் அந்தத் தேவாலயத்தைக் கட்டியது இந்தியாவிலிருந்து கொண்டுவரப்பட்ட கைதிகளின் உழைப்பு; அதற்குச் சில ஆண்டுகளுக்கு முன் கார்ன்வாலிஸ் கோட்டையைக் கல்லும் செங்கல்லுமாக எழுப்பியதும் அத்தகைய கைகளே. 1786-இல் பிரான்சிஸ் லைட் இறங்கிய இடம் என்று கோட்டையைக் காட்டும் வழிகாட்டிகள் இதைச் சொல்லாமல் விட்டாலும், நீங்கள் உங்கள் பிள்ளைகளுக்குச் சொல்லலாம். பத்து நிமிட நடைக்குள் நான்கு சமயங்களின் வழிபாட்டிடங்கள் அடங்கும் இந்தச் சாலையும் சேர்ந்துதான், 2008-இல் மலாக்காவோடு ஜார்ஜ்டவுனும் யுனெஸ்கோவின் உலக மரபுடைமைப் பட்டியலில் இடம்பெறக் காரணமாயிற்று.

இருட்டும்போது லெபோ பசாருக்கும் லெபோ பினாங்குக்கும் திரும்பிவிடுங்கள். பூக்கடை, நகைக்கடை, பாத்திரக்கடை என்று எல்லாமே நமக்குப் பழகியவை என்பதால் கோலாலம்பூர்க்காரர்கள் இங்கே பெரிதாக வியப்பதில்லை. ஆனால் இந்தத் தெருக்களில்தான் நகரத்தாரின் கிட்டங்கிகள் இருந்தன; மலாயாவின் ஈயச் சுரங்கங்களான லம்பங்களுக்கும் ரப்பர் தோட்டங்களுக்கும் போன கடன்களில் கணிசமானவை, சிறு மேசையின் முன் தரையில் சம்மணமிட்டு அமர்ந்தவர்களின் கணக்கேடுகளில் பதிவானவை. வைரத் தோடு வாங்காவிட்டாலும் மாடியின் மரச் சன்னல்களை அண்ணாந்து பார்த்துவிட்டுப் போகலாம்.

இரவு உணவுக்கு நாசி கண்டார். காவடித் தண்டின் இரு முனைகளிலும் சோற்றையும் குழம்பையும் தொங்கவிட்டுத் தோளில் சுமந்து, துறைமுகத் தொழிலாளர்களுக்கு விற்ற தமிழ் முஸ்லிம்களின் உணவு இது. ‘கண்டார்’ என்பது அந்தத் தண்டின் பெயர். எந்தக் கடை சிறந்தது என்ற சண்டையில் நான் இறங்குவதில்லை, வரிசையில் உள்ளூர்க்காரர்கள் நிற்கும் எந்தக் கடையும் ஏமாற்றாது. பல குழம்புகளைக் கலந்து சோறு மூழ்க ஊற்றச் சொல்வதற்கு ‘பஞ்சிர்’ என்ற ஒரு சொல் போதும். மாட்டிறைச்சி உண்ணாதவர்கள் மட்டும், கறியைத் தேர்ந்தெடுக்கும் முன்பே, அந்தக் குழம்பைக் கலக்க வேண்டாம் என்று சொல்லிவிட வேண்டும். இல்லாவிட்டால் கோழி கேட்டவரின் தட்டிலும் அது வந்துவிடும். விலையையும் மீன் தலை, பெரிய இறால் போன்றவற்றுக்கு முன்கூட்டியே கேட்டுக்கொள்வது நல்லது.

இரண்டாம் நாள்: கொடிமலை, கெக் லோக் சி

கொடிமலைக்கு முதல் சில வண்டிகளிலேயே ஏறிவிட வேண்டும் என்பதை, மேலே சொன்ன என் கதையிலிருந்து ஊகித்திருப்பீர்கள். 1920-களில் ஓடத் தொடங்கிய இழுவை ரயில் 2011-இல் முற்றிலும் மாற்றப்பட்டது. முன்பு நடுவழியில் வண்டி மாறி ஏறியது அரை மணி நேரப் பயணம், இப்போது ஒரே வண்டியில் சில நிமிடங்களில் மேலே போய்விடலாம். வேகம் கூடியதால் மலையின் காட்டை மெல்ல மெல்லப் பார்த்தபடி போகும் சுகம் போய்விட்டது என்று எங்கள் தலைமுறையினர் புலம்புவது வேறு கதை. மலேசியருக்கும் வெளிநாட்டவருக்கும் கட்டணம் வேறு என்பதால் அடையாள அட்டையான மைகார்டை மறக்காதீர்கள். விரைவு வழிச் சீட்டும் உண்டு. அதிகாலையில் போனால் அது தேவைப்படாது.

மேலே வெப்பம் நகரத்தைவிட ஐந்து பாகை அளவுக்குக் குறைவாக இருக்கும். நிலையத்துக்கு அருகிலேயே அருளொளித் திருமுருகன் ஆலயமும் ஒரு பள்ளிவாசலும் இருக்கின்றன. அங்கிருந்து கூட்டமில்லாத பழைய பாதையில், காலனிக் கால பங்களாக்களைப் பார்த்தபடி நடப்பதுதான் இந்த மலையைப் பார்க்கும் முறை என்பேன். காட்டுக்குள் மரங்களின் உயரத்தில் தொங்கும் நடைபாலம் உள்ள ஹாபிடாட் பகுதிக்குத் தனிக் கட்டணம். காடு பிடிக்கும் என்றால் அந்தப் பணம் வீணாகாது. இந்த மலைப்பகுதி 2021-இல் யுனெஸ்கோவின் உயிர்க்கோளக் காப்பகமாக அறிவிக்கப்பட்டது.

பத்தரை மணிக்குள் இறங்கினால், மலையடிவாரத்து ஆயர் ஈத்தாமிலேயே உள்ள கெக் லோக் சி பௌத்த ஆலயத்தை வெயில் ஏறும் முன்பே பார்த்துவிடலாம். 1930-இல் முடிந்த அதன் கோபுரத்தை அடியிலிருந்து மேலே நோக்குங்கள். எண்கோண அடிப்பகுதி சீன முறை, நடுப்பகுதி தாய்லாந்து முறை, உச்சி பர்மிய முறை. 30 மீட்டருக்கும் மேல் உயர்ந்து நிற்கும் வெண்கலக் குவான் இன் சிலைக்குச் சாய்வு மின்தூக்கியில் ஏறலாம். சீனப் புத்தாண்டுக் காலத்தில் இரவில் ஆலயம் முழுவதும் விளக்கேற்றுவார்கள். அந்த வாரம் வந்தால் காலையைவிட இரவே சிறந்தது.

மதிய உணவுக்கு ஆயர் ஈத்தாம் சந்தைப் பகுதியின் லக்சா. மீனும் புளியும் சேர்ந்த அந்தக் குழம்பு நம் நாக்குக்கு உடனே பிடித்துவிடும். ஆனால் முழுவதும் மீன் என்பதால் சைவர்களுக்கு ஆகாது. நகரத்தின் புகழ்பெற்ற அரிசி நூடுல்ஸ் வறுவலான சார் குவே தியாவைப் பல சீனக் கடைகளில் பன்றிக் கொழுப்பில் வதக்குகிறார்கள். கேட்டுவிட்டு உண்ணுங்கள்.

பிற்பகலுக்குக் கூரையுள்ள இடங்கள்: சீனக் குலத்தார் மண்டபமான கூ கொங்சி, நீல மாளிகை, பெரானாக்கான் மாளிகை ஆகிய மூன்றில் ஒன்றை மட்டும் தேர்ந்தெடுங்கள். ஒன்றே என்றால் நான் கூ கொங்சியைச் சொல்வேன். கூரை விளிம்பிலும் சுவர்க் கல்லிலும் செதுக்கியிருப்பதைப் பார்க்கும்போது நம் கோபுரச் சிற்பிகள் நினைவுக்கு வருவார்கள். ஆர்மீனியத் தெருவில் 2012-இல் எர்னஸ்ட் சக்கரவிச் வரைந்த சைக்கிள் பிள்ளைகளின் சுவரோவியத்துக்கு எப்போதும் வரிசை உண்டு. படம்தான் வேண்டும் என்றால் காலை எட்டு மணிக்கு வாருங்கள். தண்ணீருக்கு மேல் தூண்களில் நிற்கும் சியூ படகுத்துறை வீடுகளில் இன்றும் மக்கள் வாழ்கிறார்கள். சன்னலுக்குள் கேமராவை நீட்டாதீர்கள்.

மூன்றாம் நாள்: வடகரை

படங்களில் பார்க்கும் கரிபியன் தீவுகளின் பளிங்கு நீலத்தை எதிர்பார்த்துப் பத்து பெரிங்கிக்கு வருகிறவர்கள் முதல் பார்வையிலேயே சோர்ந்துவிடுகிறார்கள். மலாக்கா நீரிணையின் கரையோரத்தில் வண்டல் கலந்த நீர் அப்படித்தான் இருக்கும். இங்கே கடற்கரை என்பது நீந்துவதற்கு என்பதைவிட மாலையில் மணலில் நடப்பதற்கும், கதிரவன் சாய்வதைப் பார்ப்பதற்கும், பின்னர் இரவுச் சந்தையில் பேரம் பேசுவதற்கும் ஏற்றது. தண்ணீரில் இறங்குவதாக இருந்தால் சொறிமீன் எச்சரிக்கைப் பலகை உள்ளதா என்று பாருங்கள். கொட்டிவிட்டால் அந்த இடத்தைத் தேய்க்காமல் வினிகரை ஊற்றிவிட்டு, உடனே மருத்துவ உதவி நாட வேண்டும்.

எனவே காலையை மேற்கே தெலுக் பாஹாங்கில் கழியுங்கள். அங்கே போகும் சாலை குறுகியது, வளைவுகள் நிறைந்தது, மாற்று வழியும் பெரிதாக இல்லை. ஒன்பது மணிக்கு முன் கடந்துவிட்டால் நிம்மதி. பேருந்தில் போவோருக்கு 101-ஆம் எண் பேருந்து. பத்து வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகள் இருந்தால் எஸ்கேப் பூங்காவுக்கு ஒரு முழு நாளைக் கொடுத்துவிட வேண்டியதுதான். 1,111 மீட்டர் நீளமுள்ள அதன் நீர்ச்சறுக்கு 2019-இல் கின்னஸ் உலகச் சாதனைப் பதிவைப் பெற்றது. சிறு பிள்ளைகளுக்கு எந்தோபியா பட்டாம்பூச்சிப் பண்ணை போதும். காலையில் பட்டாம்பூச்சிகள் சுறுசுறுப்பாக இருக்கும்.

நடக்க விரும்புவோருக்கு இரண்டுக்கும் அப்பால் பினாங்கு தேசியப் பூங்கா இருக்கிறது. 2003-இல் அறிவிக்கப்பட்ட இது நாட்டின் மிகச் சிறிய தேசியப் பூங்காக்களில் ஒன்று. வாயிலில் பெயரைப் பதிந்துகொண்டு, காட்டுப்பாதையில் ஒன்றரை மணி நேரம் நடந்தால் ஆமைகள் முட்டையிட வரும் கெராச்சுட் கடற்கரை. அங்கே நீந்த வேண்டாம். திரும்பும்போது நடக்க முடியாதவர்கள் படகு பிடிக்கலாம். ஆனால் போகும் முன்பே, வாயிலருகே, விலையையும் நேரத்தையும் பேசி வைத்துக்கொள்ள வேண்டும். ஓர் ஆளுக்கு ஒன்றரை லிட்டர் தண்ணீராவது கையில் இருக்கட்டும்.

டுரியான் பருவத்தில், அதாவது ஜூன், ஜூலை மாதங்களில் வந்தவர்கள் தெலுக் பாஹாங்கிலிருந்து மலையைச் சுற்றிப் பாலிக் புலாவ் இறங்கலாம். வழியில் சாலையோரக் கடைகளில் பழத்தை உடைத்துக் கொடுப்பார்கள். தங்கும் விடுதிகள் பெரும்பாலும் அறைக்குள் டுரியானை அனுமதிப்பதில்லை என்பதால் அங்கேயே உண்டு முடித்துவிடுங்கள். பருவம் இல்லாத மாதங்களில் அந்தச் சுற்றுக்கு அரை நாள் செலவிடுவது தேவையில்லை.

ஊர் திரும்பும்போது ஜாதிக்காய் ஊறுகாயும் ஜாதிக்காய்த் தைலமும் வாங்கிக்கொள்ளுங்கள். நகரத்துச் சந்தைகளில் கிடைக்கும். பாலத்துக்கான டோல் கட்டணம் தீவுக்குள் வரும்போது மட்டுமே வசூலிக்கப்படுவதால் திரும்பும் வழியில் சாவடியில் நிற்க வேண்டியதில்லை. ஆயினும் ஞாயிற்றுக்கிழமை பிற்பகல் மூன்று மணிக்குப் பிறகு புறப்பட்டால் பழைய பாலத்தின் மீதே நிற்க நேரலாம். அன்று காலை பத்து மணிக்குள் கிளம்பிவிடுங்கள். முடியாவிட்டால், இரவு உணவை இங்கேயே முடித்துக்கொண்டு எட்டு மணிக்கு மேல் புறப்படுங்கள்.